பொச்சாவாமையும் இடுக்கண் அழியாமையும்



பொதுத்தேர்தல் முடிவு வெளியாகும் நாளில் நாட்டில் பலர் உறங்குவதில்லை. வென்ற அணியை ஆதரித்தவருக்கு மகிழ்ச்சி மிகுதியால் உறக்கம் வருவதில்லை. தோற்ற அணியை ஆதரித்தவருக்கு மனக்கசப்பால் வருவதில்லை. பொழுது விடிந்ததும் மாமல்லபுரத்து மீனவர் கடலுக்கும், சிற்பி உளிக்கும் திரும்பிவிடுகின்றனர். எழுதுகோல் ஏந்தியவர் மட்டும் பல நாள் அந்த இரவிலேயே தங்கிவிடுவதுண்டு. அவ்விரவைக் கடப்பது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

திருக்குறளில் அரசியல் எனப் பகுக்கப்பட்ட 25 அதிகாரங்களுள் பொச்சாவாமை 54ஆவது அதிகாரமாக நிற்கிறது. அப்பகுதியை முடித்துவைக்கும் 63ஆவது அதிகாரம் இடுக்கண் அழியாமை. உவகை மிகுதியால் கடமையை மறத்தல் பொச்சாப்பு. அளவு கடந்த சினத்தினும் அது தீது என்பது வள்ளுவர் துணிவு. துன்பம் நேர்ந்தபோது உள்ளம் உடையாதிருத்தல் இடுக்கண் அழியாமை. வென்றவர்க்கு ஒன்றும் தோற்றவர்க்கு ஒன்றுமாக இவை அமைந்துள்ளன. இரண்டையும் இல்லறவியலில் வைக்காது அரசியலில் வைத்த நுட்பம் எண்ணத்தக்கது.

இம்மண் தேர்தலுக்குப் புதியதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்ட ஊரில், ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். வாரியத்தில் அமர்ந்தவர் ஓராண்டு பணியாற்றியபின் மூன்றாண்டு விலகியிருத்தல் வேண்டும். கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் செல்லாது. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அவ்வுரிமை இருந்தது. பெண்டிரும் உழுகுடிகளும் அதற்கு வெளியே நின்றனர். அக்குறையை மறைத்து அதனைப் போற்றுதல் தகாது. ஆயினும் பதவி தவணைக்குரியது, கணக்குக்குரியது என்னும் அறிவு அங்கே கல்லில் ஏறியிருந்தது.

தோல்வியையும் வெற்றியையும் ஒருசேரக் கண்ட ஊர் காஞ்சிபுரம். 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அறிஞர் அண்ணா தாம் பிறந்த காஞ்சியிலேயே தோற்றார். அவர் கட்சியோ சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பெற்று வளர்ந்தது. அவ்வாண்டே அவர் மாநிலங்களவைக்குச் சென்று, அங்கே தம் குரலை ஒலிக்கச் செய்தார். ஐந்தாண்டு கழித்து ஆட்சி அவர் கைக்கு வந்தது. அந்த 1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரும், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திருப்பெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமும் தோல்வியுற்றனர். வென்ற அண்ணா திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, அத்தேர்தலில் தம் கட்சியை எதிர்த்து நின்ற பெரியாரைக் கண்டார். வெற்றியில் செருக்காமைக்கு அப்பயணம் சான்று.

எனினும் ஏமாற்றமும் நிம்மதியும் ஒரே நெஞ்சில் கலந்து நின்ற காலம் 1977. நெருக்கடி நிலையின்போது, 1976 சனவரி 31 அன்று தமிழக அரசு கலைக்கப்பட்டது. பலர் சிறைப்பட்டனர். 1967, 1971 தேர்தல்களில் செங்கற்பட்டுத் தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய சிட்டிபாபு சென்னை மத்தியச் சிறையில் அடிபட்டார். 1977 சனவரியில் மறைந்தார். அவர்தம் சிறை நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது. அதே ஆண்டு மார்ச்சுத் தேர்தலில் வடபுலம் இந்திரா காந்தியின் ஆட்சியை வீழ்த்தியது. ரேபரேலியில் அவரே தோற்றார். தமிழகமோ 39 இடங்களில் 34ஐ அவர் கட்சி இடம்பெற்ற அணிக்கே வழங்கிற்று. சிறைப்பட்டோர் குடும்பங்கள் அன்று அழுதிருக்குமா, ஆறுதல் கொண்டிருக்குமா? சொந்த மண் கைவிட்டது. முகமறியா மக்கள் இட்ட வாக்கு சிறைக் கதவைத் திறந்தது.

அக்கதவு திறந்தபின் சென்னைச் சிறைக் கொடுமைகளை விசாரித்தவர் நீதியரசர் மு.மு. இஸ்மாயில். கம்பனில் தோய்ந்தவர், சென்னைக் கம்பன் கழகத்தை வழிநடத்தியவர். உண்மையைப் பதிவு செய்தல் நீதிக்கும் இலக்கியத்துக்கும் பொதுவான கடமை என்பதை அவர் வாழ்வு உணர்த்தும். அரசியலுக்கு அந்நினைவு நெடுநாள் தேவைப்படவில்லை. 1980 மக்களவைத் தேர்தலில், நெருக்கடி நிலையில் துன்புற்ற கட்சியும் இந்திரா காந்தியின் கட்சியும் கைகோத்து 37 இடங்களை வென்றன. அது மறதியா, மன்னிப்பா, காலத்தின் கட்டாயமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் கூட்டணிகள் மாறியபோதும் நாட்குறிப்பின் எழுத்து மாறவில்லை. பொச்சாப்புக்கு மருந்து அவ்வெழுத்தே.

அண்மைக் காலத்திலும் தமிழகமும் தில்லியும் இருவேறு திசையில் தீர்ப்பளித்துள்ளன. 2019இல் ஓர் அணி இங்கு 38 இடங்களை வென்றது; 2024இல் 39 இடங்களையும் வென்றது. இரு முறையும் தில்லியில் ஆட்சி அமைத்தது எதிரணி. ஆகவே, மாநில முடிவு கண்டு மகிழ்ந்தவர் நாட்டு முடிவு கண்டு வாடினர். மாற்றாக வாக்களித்தவர் இங்கு வாடி அங்கு மகிழ்ந்தனர். ஒரே தெருவில், ஏன், ஒரே வீட்டில் இருவரும் வாழ்ந்தனர். இவர்களுள் எவரையும் அறிவிலி என்று ஏசும் உரிமை கவிஞனுக்கு இல்லை. மக்கள் வென்றபோது மேதைகள், தோற்றபோது பேதைகள் என்று எழுதும் கை நாளை எவர்க்காக எழுதும்?

பறம்பு வீழ்ந்து பாரி மாய்ந்தபின் கபிலர் இரங்கற்பா பாடியதோடு அமையவில்லை. பாரி மகளிரை உடனழைத்துச் சென்று, அவர்க்கு வாழ்வு தேடி அரசர்களின் வாயில்தோறும் நின்றார். ஏமாற்றத்தைத் தாங்கும் வழி அதுவே: தோல்வியால் ஆதரவிழந்தவர் யாவர் எனக் கண்டு, அவர்க்குத் துணை நிற்றல். நிம்மதியைத் தாங்கும் வழி, தமக்கு உகந்த ஆட்சியிடமும் உத்திரமேரூரார் போலக் கணக்குக் கேட்டல். பரணி பாடுவோர் மிகுந்த காலத்தில் கணக்குக் கேட்கும் கவிஞனே அரியவன்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கப்படுகிறது. நெருக்கடி நிலை நாள்களையும், அதன்பின் வந்த தேர்தல்களையும் கண்டு மூத்தோர் இக்கடற்கரைக் குப்பங்களிலும் சிற்பக்கூடங்களிலும் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் எவர்க்கு வாக்களித்தனர் என்பதைக் கேட்க வேண்டா. முடிவு வந்த மறுநாள் எப்படி வாழ்ந்தனர் என்பதைக் கேட்டு எழுதுங்கள். வென்றவர் பெயர்களை அரசிதழ் காத்துக்கொள்ளும். அந்த மறுநாளைக் காப்பதற்கு இலக்கியத்தையன்றி வேறொன்றில்லை.