உறையில் யாருடைய முகம்?

(சென்னையில் சுயாதீன இசைக் கலைஞர்களுக்காக நடந்த பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



புதுப் பாட்டை நாலு பேர் காதுக்குக் கொண்டுபோவது எப்படி, அதற்கான உறையையும் விளம்பரத்தையும் புதுமையாகச் செய்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். பாடல்களுக்கு உறை, போஸ்டர், யூடியூப் தம்ப்நெயில் வடிவமைப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். எந்த எழுத்துரு, எந்த நிறம் என்று ஒரு மணி நேரம் என்னால் பேச முடியும். ஆனால் அதையெல்லாம் உங்களில் பலர் போனிலேயே என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். நான் பேச விரும்புவது வேறு.

பாட்டைச் சுற்றியிருக்கும் உறை வெறும் அழகுக்கானது இல்லை. யார் முகம் வெளியே தெரியலாம், யாரிடம் குரல் மட்டும் வாங்கினால் போதும், யார் பெயர் பெரிதாக வரும், யார் பெயர் காணாமல் போகும் என்பதையெல்லாம் முடிவு செய்கிற இடம் அது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைத்தட்டு வரலாறு. அங்கிருந்து தொடங்குகிறேன்.

1920 ஆகஸ்டில் நியூயார்க்கில் மேமி ஸ்மித் என்ற பாடகி 'கிரேஸி புளூஸ்' பாடலை ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். கறுப்பினப் பெண் ஒருவர் பாடிய புளூஸ் இசைத்தட்டாக வந்தது அப்போதுதான். பெர்ரி பிராட்ஃபோர்ட் என்ற கறுப்பினப் பாடலாசிரியர் நிறுவனங்களின் படியேறி, எங்கள் மக்களும் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று வாதாடியதால் நடந்தது இது. தட்டு பல்லாயிரக்கணக்கில் விற்றது. அதுவரை இந்த மக்களைக் கண்டுகொள்ளாத நிறுவனங்களுக்கு உடனே கண் திறந்தது. 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனி வரிசை, தனிப் பட்டியல் போட்டார்கள். பாட்டுக்கும் ஒரு சேரி கட்டினார்கள் என்று சொல்லலாம்.

ஆனால் அந்தச் சேரிக்குள் நடந்த விளம்பர வேலைகளைப் பாருங்கள். இன்றைக்கும் அதில் பாடம் இருக்கிறது. 'சிகாகோ டிஃபெண்டர்' போன்ற கறுப்பினப் பத்திரிகைகளில் படம் வரைந்த விளம்பரங்கள் வந்தன. தபாலில் தட்டு வரவழைக்க கூப்பன் இருந்தது. தெற்கு மாநிலங்களின் சிற்றூர்களுக்குத் தட்டுகளைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்கள் ரயிலில் வேலை பார்த்த புல்மேன் போர்ட்டர்கள். அந்த வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளிகள். நகரத்தில் தட்டுகளை வாங்கிப் பெட்டியில் வைத்து, போகிற ஊர்களில் விற்றார்கள். இன்று நாம் 'ஷேர்' பட்டனை அமுக்குகிறோம். அன்று அந்த வேலையை ஒரு தொழிலாளி தன் கையில் சுமந்து செய்தார்.

பாரமவுண்ட் என்று ஒரு நிறுவனம். அதை நடத்தியது விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்கிற கம்பெனி! கிராமபோன் பெட்டி செய்யத் தொடங்கி, அந்தப் பெட்டியை விற்பதற்காகத் தட்டு போடத் தொடங்கியவர்கள். 1924இல் மா ரெய்னி என்ற மாபெரும் புளூஸ் பாடகியின் புகைப்படத்தைத் தட்டின் நடுவில் இருக்கும் லேபிளிலேயே அச்சடித்து ஒரு நினைவுத்தட்டு வெளியிட்டார்கள். 1929இல் இன்னொரு யுக்தி. மிசிசிப்பி டெல்டாவின் சார்லி பாட்டன் பாடிய தட்டை அவர் பெயர் போடாமல் 'முகமூடி மாயாவி' என்ற பொருள்படும் பெயரில் வெளியிட்டார்கள். விளம்பரத்தில் முகமூடி போட்ட ஒரு மனிதர். யார் என்று சரியாகச் சொன்னால் இன்னொரு தட்டு இலவசம். இன்றைக்கு 'யார் குரல் என்று கமெண்டில் சொல்லுங்கள்' என்று ரீல்ஸ் போடுகிறோமே, அதன் பாட்டன் அந்தப் பாட்டன்தான்.

சிரிக்கலாம், யுக்தி நல்ல யுக்திதான். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ரேஸ் ரெக்கார்ட்ஸ் காலத்துக் கலைஞர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தட்டு எத்தனை விற்றாலும் அதில் பங்கு கிடையாது. முகத்தை எப்போது காட்டுவது, எப்போது மறைப்பது என்று முடிவெடுத்ததும் கம்பெனிதான். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் இல்லை.

இதை அன்றைக்கே புரிந்துகொண்டவர் ஹாரி பேஸ். 1921இல் நியூயார்க்கில் 'பிளாக் ஸ்வான்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கறுப்பினத்தவருக்குச் சொந்தமான நிறுவனம். அதன் இயக்குநர் குழுவில் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் இருந்தார். 19ஆம் நூற்றாண்டில் 'கறுப்பு அன்னம்' என்று அழைக்கப்பட்ட எலிசபெத் டெய்லர் கிரீன்ஃபீல்ட் என்ற பாடகியின் நினைவாக வைத்த பெயர் அது. கவனியுங்கள், லேபிளில் அச்சடித்த நிறுவனப் பெயரே ஒரு வரலாற்றுப் பாடம். எத்தல் வாட்டர்ஸின் தட்டுகள் நன்றாக விற்றன. அவரை ஒரு குழுவோடு ஊர் ஊராக அனுப்பிக் கச்சேரி நடத்தி விளம்பரம் செய்தார்கள். ஆனால் பெரிய கம்பெனிகளின் போட்டிக்கு முன்னால் நிற்க முடியவில்லை. 1924இல் பிளாக் ஸ்வானின் தட்டுகள் அந்த நாற்காலிக் கம்பெனியின் கைக்கே போயின. நல்ல பெயர், நல்ல உறை, நல்ல பாட்டு எல்லாம் இருந்தும் முதலீடும் விநியோகமும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

அந்தக் காலத்தில் தட்டுகள் பழுப்புக் காகித உறையில்தான் வந்தன. பல தட்டுகளைச் சேர்த்துப் போட்டோ ஆல்பம் மாதிரி தைத்து விற்றார்கள். 'ஆல்பம்' என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். 1940இல் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளம் வடிவமைப்பாளர் அந்த அட்டையில் ஓவியம் போடத் தொடங்கினார். விற்பனை ஏறியது. பிறகு 12 அங்குல எல்பி வந்தது. கடையில் ஒரு மனித முகத்தை ஏறக்குறைய அதன் முழு அளவுக்கே காட்ட இடம் கிடைத்தது. இடம் கிடைத்ததும் கேள்வியும் வந்தது: யாருடைய முகம்?

1957இல் மைல்ஸ் டேவிஸின் 'மைல்ஸ் அஹெட்' வந்தது. ஜாஸ் இசையின் உச்சத்தில் இருந்த கறுப்பினக் கலைஞரின் தட்டு. அட்டையில் பாய்மரப் படகில் ஒரு வெள்ளைக்காரப் பெண்! மைல்ஸ் சண்டை போட்டார். பிந்தைய பதிப்புகளில் அட்டை மாறியது. 1961இல் வந்த 'சம்டே மை பிரின்ஸ் வில் கம்' தட்டின் அட்டையில் தன் மனைவி பிரான்சிஸ் டெய்லரின் முகத்தைப் போட வைத்தார். 1965இல் ஓட்டிஸ் ரெடிங்கின் 'ஓட்டிஸ் புளூ', அட்டையில் பொன்னிற முடியுள்ள வெள்ளைப் பெண். 1966இல் ஐஸ்லி பிரதர்ஸ், அட்டையில் கடற்கரையில் ஒரு வெள்ளை ஜோடி. இந்தக் கடைசித் தட்டை வெளியிட்ட மோடவுன், பெர்ரி கோர்டி என்ற கறுப்பினத்தவர் நடத்திய நிறுவனம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மோடவுனுக்கு பில்போர்டு பட்டியலில் முதல் முதலிடம் வாங்கித் தந்த 'பிளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' பாடலைப் பாடிய பெண்களின் ஆல்ப அட்டையில் அவர்கள் இல்லை, ஒரு தபால்பெட்டிதான் இருந்தது.

கோர்டியைத் துரோகி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். வெள்ளைக்காரர் கடையில் கறுப்பு முகம் இருக்கும் அட்டையை முன்வரிசையில் வைக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். குரல் முதலில் உள்ளே போகட்டும், முகம் பிறகு போகும் என்பது அவருடைய கணக்கு. குரல் உள்ளே போனது, முகமும் பின்னாலேயே போனது. ஆனால் அந்த இடைவெளியில் ஒரு தலைமுறைக் கலைஞர்கள் தங்கள் அட்டையிலேயே தாங்கள் இல்லாமல் இருந்தார்கள். அந்த விலையையும் நாம் எழுதி வைக்கவேண்டும்.

முகத்தை மறைப்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. 1983இல் இங்கிலாந்தின் நியூ ஆர்டர் குழு 'புளூ மண்டே' தட்டை வெளியிட்டது. உறை ஃபிளாப்பி டிஸ்க் மாதிரி வெட்டப்பட்டிருந்தது. முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. ஓரத்தில் வண்ணக் கட்டங்களில் சங்கேதமாக மட்டும் இருந்தது. வடிவமைப்புப் பாடங்களில் அதைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாடத் தகுந்ததுதான். ஆனால் பெயரை மறைத்து விளையாட, முதலில் பெயர் உன் கையில் இருக்கவேண்டும். நியூ ஆர்டர் மறைந்தது விளையாட்டு. சார்லி பாட்டனை மறைத்தது வியாபாரம். ஓட்டிஸ் ரெடிங்கை மறைத்தது நிறவெறி.

இதற்கெல்லாம் பதில் போல 2013இல் ஒன்று நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் கிரென்ஷா பகுதியைச் சேர்ந்த ராப் கலைஞர் நிப்ஸி ஹசில், 'கிரென்ஷா' என்று தன் பேட்டையின் பெயரிலேயே ஒரு தொகுப்பு வெளியிட்டார். இணையத்தில் இலவசம். அதோடு 1000 பிரதிகள் மட்டும் அச்சடித்து, ஒன்று 100 டாலர் என்று விற்றார். ஒரே நாளில் தீர்ந்தது. ஜே-ஸி மட்டும் 100 பிரதி வாங்கினார். கேட்க விரும்பும் ஏழைப் பையனுக்குப் பாட்டு இலவசம், தாங்கிப் பிடிக்க வசதி உள்ளவருக்கு அட்டைப்பெட்டி. பேட்டையின் பெயரும் முகமும் அவருடையது, பதிவின் உரிமையும் அவருடையது. இதற்கு நேர் எதிராக வூ-டாங் கிளான் ஒரே ஒரு பிரதி மட்டும் செய்து வெள்ளிப் பெட்டியில் வைத்து விற்ற ஆல்பத்தை 2015இல் ஒரு மருந்துக் கம்பெனி முதலாளி வாங்கினார். பெட்டி உலகப் புகழ் பெற்றது. பாட்டைப் பெரும்பாலான மக்கள் கேட்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னை மேடையில் ஏறியபோது கானாவை மட்டும் கொண்டுவரவில்லை. கோட் சூட் போட்டுக்கொண்டு வந்தார்கள். கானா என்றால் லுங்கியும் சாவு வீடும்தான் என்று வைத்திருந்த பார்வைக்கு முன்னால், அண்ணலின் உடையில் நின்றார்கள். பாட்டு தொடங்கும் முன்பே அந்த உடை பேசிவிட்டது. நான் பார்த்த மிகச் சிறந்த 'உறை' அதுதான்.

2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்கப் போனது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அந்தப் பாட்டை எழுதிய, பாடிய அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார், பலரும் சேர்ந்து கேட்டார்கள். பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. மண்ணை உழுதவர்களின் கதையைப் பாடிய பாட்டுக்கே இந்தக் கதி. கேட்டதால் வந்தது. கேட்காவிட்டால் வந்திருக்குமா?

என் மேசையிலும் இது நடக்கிறது. இரண்டு வருடம் முன்பு ஒரு பறை இசைக் குழுவின் பாடலுக்கு உறை செய்தேன். பறையைக் காய்ச்சுகிற நெருப்புக்குப் பக்கத்தில் நால்வரும் சிரித்துக்கொண்டிருக்கிற படம். வெளியிட முன்வந்த நிறுவனத்தில் ஒருவர் போனில் சொன்னார்: "பாட்டு சூப்பர் சார். ஆனா அந்தப் படத்த மட்டும் தூக்கிட்டு ஒரு மலை, சூரியன்னு வைங்க. யுனிவர்சலா இருக்கும்." குழுவில் மூத்தவரிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "எங்க மூஞ்சி எந்த யுனிவர்ஸ்ல தம்பி இல்ல?" அதே படத்தோடு அவர்களுடைய சேனலிலேயே வெளியிட்டார்கள். பார்வைகள் சில ஆயிரம்தான், நிறுவனம் வழியாகப் போயிருந்தால் நிச்சயம் கூடுதலாக வந்திருக்கும். ஆனால் படத்தைப் பார்த்து இரண்டு கல்லூரிகளிலிருந்து அழைப்பு வந்தது. சம்பளம் பேசி, பெயர் போட்ட அழைப்பு.

எனவே தோழர்களே, புதுமையாகச் செய்யுங்கள். டீக்கடை, சலூன், ஆட்டோ முதுகு எங்கும் க்யூஆர் கோடு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கல்யாணப் பத்திரிகை மாதிரி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி, ரேஷன் கார்டு மாதிரி பாட்டுக்கு அறிவிப்பு அடியுங்கள். நம் தெருவில் ஏற்கெனவே இருக்கிற வடிவங்களைவிட வலுவான டிசைன் எந்த மென்பொருளிலும் கிடையாது. பாட்டை இலவசமாகக் கொடுங்கள், கையெழுத்திட்ட நூறு பிரதியை விலைக்குக் கொடுங்கள். ஊருக்கு ஊர் இதைச் சுமந்துபோகும் நம் புல்மேன் போர்ட்டர்கள் யார் என்று யோசியுங்கள்: தவில்காரர், மேளம் வாடகைக்கு விடுபவர், விடுதி மாணவர்.

ஆனால் எதை அச்சுக்கு அனுப்பும் முன்பும் மூன்றைச் சரிபாருங்கள். வாசித்தவர், எழுதியவர், பாடியவர் முகமோ பெயரோ வெளியே தெரிகிறதா? பெயர்கள் வீடியோவின் கடைசி நொடியில் ஓடாமல், விவரக்குறிப்பின் முதல் வரியிலேயே இருக்கின்றனவா? உரிமை யாரிடம் என்று காகிதத்தில் எழுதியாயிற்றா? 2012 பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்தின்படி பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை விட்டுக்கொடுத்ததாக யாரும் எழுதி வாங்க முடியாது. அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், அதற்கான சங்கத்தில் உங்கள் பாடல்களைப் பதிவு செய்யுங்கள்.

முகத்தை மறைக்க ஆசையா, மறையுங்கள். முகமூடி உங்கள் பணத்தில் வாங்கியதாக இருக்கட்டும், கழற்றும் நாளையும் நீங்களே குறியுங்கள்.