ரயில் ஏறாத வேலை

2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டபின், பிழைப்புக்காக இருட்டோடு எழுந்து பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறவர்கள் ஏராளம். பெண்களும்தான். வீடு திரும்ப இரவாகிவிடும்.

வீட்டிலிருந்தே தனியாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவருக்கு இந்த ஓட்டம் இல்லை. ஆனால் நிரல் எழுதுவது, பிழை திருத்துவது, வாடிக்கையாளர் போனுக்குப் பதில் சொல்வது, பில் போட்டுப் பணம் கேட்பது எல்லாம் அவர் ஒருவரே. மாதச் சம்பளம் கிடையாது. கரண்ட் போனால் வேலையும் நிற்கும்.

மென்பொருள் எழுதும் வழியில் முன்னே நடந்தவர் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு மென்பொருளை 1985-இல் தொடங்கினார். அவருடைய செல்லினம் செயலி கைப்பேசியில் தமிழ் எழுத வைத்தது. அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே இருக்கிறது.