கூலிக்கு வந்த வானதூதர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. நம் திருவண்ணாமலையின் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறை இரவிலும் அனலை விடுகிறது. ஆகவே கொஞ்சம் வசதி உள்ளவர்கள் இரண்டு மூன்று நாள் மலைப்பக்கம் போய்வர நினைக்கிறார்கள். போளூர் தாண்டினால் ஜவ்வாது மலை. 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏலகிரி. 20 வளைவுகளில் ஏற்காடு. 70 வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. சொந்தக் கார் வைத்திருப்பவர்களில் பலருக்கும் மலைப்பாதையில் ஓட்டத் துணிவு வருவதில்லை. டிரைவரோடு ஒரு வாடகைக் காரைப் பேசிக்கொள்கிறார்கள்.

கணவனும் மனைவியும் இப்படிப் போய்வருவது நல்லது என்றே சொல்வோம். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், பெற்றோரின் மருத்துவம் என்று ஓடி ஓடி, ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத குடும்பங்கள் எத்தனை! பணி முடித்துத் திரும்பிய திருத்தூதர்களை, தனிமையான ஓர் இடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறும்படி இயேசுவே அழைத்ததை மாற்கு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஓய்வு பாவமல்ல. ஆனால் நம் ஓய்வுக்காக வேறொருவர் தம் ஓய்வை இழக்கிறாரா என்று நாம் கேட்பதுண்டா? இன்று அதைப் பற்றியே சிந்திப்போம்.

அண்மையில் ஒரு தம்பதியர் நம்மைச் சந்தித்தார்கள். திருமண வெள்ளி விழாவை முன்னிட்டு மூன்று நாள் மலைப்பயணம் போய் வந்தவர்கள். தாங்கள் கண்டதை மற்றவர்களுக்கும் சொல்லலாம் என்று அவர்களே அனுமதி கொடுத்தார்கள்.

முதல் நாள் விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். ஜமுனாமரத்தூர் போய், கோமுட்டேரியில் படகு விட்டு, பீமன் அருவி பார்த்து, சாமை அரிசியும் தேனும் வாங்கியிருக்கிறார்கள். பிறகு காவலூர் வானாய்வுக்கூடம் இருக்கும் பாதையில் ஆலங்காயம் இறங்கி, ஏலகிரி ஏறி விடுதியை அடைந்தபோது இரவு ஒன்பது மணி. இவர்கள் அறைக்குப் போனார்கள். டிரைவர் வண்டியை நிறுத்தப் போனார். காலையில் கிளம்பி, சேலம் வழியாக நாமக்கல் மாவட்டம் போய், கொல்லிமலை அடிவாரமான காரவள்ளியை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"சார், கண்ணு சொக்குது. ஒரு மணி நேரம் படுத்துட்டு ஏறலாமா?"

கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. மேலே அறைக்குப் பணம் கட்டியாயிற்று. இருட்டிவிட்டால் வழியில் ஒன்றும் பார்க்க முடியாது. ஒரு நாளைக்கு இவ்வளவு வாடகை, இவ்வளவு பேட்டா என்று பேசித்தானே வந்தோம் என்று சத்தம் போட்டிருக்கிறார். அப்போது மனைவி குறுக்கிட்டுக் கேட்டார்: "ராத்திரி எங்க தம்பி தூங்குனீங்க?"

"வண்டியிலதாம்மா. கண்ணாடியை ஏத்துனா புழுக்கம், இறக்குனா கொசு. மூணு மணிக்கு மேலதான் கண் அசந்தேன்."

அந்தச் சகோதரி அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் காரைவிட்டு இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்றிரவு அவர்கள் மலை ஏறவில்லை. நாமக்கல்லுக்குத் திரும்பி, தங்களுக்கு ஓர் அறையும் டிரைவருக்கு ஒரு படுக்கையும் எடுத்துத் தங்கினார்கள். மேலே கட்டிய பணம் போயிற்று. மறுநாள் காலை வெளிச்சத்தில் 70 வளைவுகளையும் நிதானமாக ஏறினார்கள்.

கணவர் நம்மிடம் சொன்னதை அப்படியே சொல்கிறோம். "அந்த வளைவுகள்ல ஏறும்போதுதான் ஃபாதர், எங்க ரெண்டு பேர் உயிரும் அந்தத் தம்பி கையில இருக்குன்னு உறைச்சுது. ரெண்டு நாளா அவர் பேரைக்கூட நாங்க கேக்கல. டிரைவர், டிரைவர்னே கூப்பிட்டுக்கிட்டிருந்தோம்."

அன்பார்ந்தவர்களே, திருவிவிலியத்திலும் கூலிக்கு வழித்துணை அமர்த்திக்கொண்ட ஒரு பயணம் இருக்கிறது. அது தோபித்து நூலில் உள்ளது. நினிவேயில் பார்வையிழந்து கிடந்த முதியவர் தோபித்து, மேதியா நாட்டில் கொடுத்து வைத்திருந்த பணத்தை வாங்கிவரத் தம் மகன் தோபியாவை அனுப்புகிறார். பணம் இருந்த ஊர் மலைப்பகுதியில் இருந்தது. பையனுக்கு வழி தெரியாது. வழி தெரிந்த நம்பிக்கையான ஒருவரைக் கூலி பேசி அழைத்துப் போகச் சொல்கிறார் தந்தை. தோபியா வெளியே போய் ஓர் இளைஞரைக் கண்டு கூட்டி வருகிறார். அவர் இறைவனின் தூதர் இரபேல் என்பது தோபியாவுக்குத் தெரியாது.

இங்கே தோபித்து செய்த மூன்று காரியங்களைக் கவனியுங்கள். முதலில், வந்தவருடைய பெயரையும் குடும்பத்தையும் விசாரிக்கிறார். அசரியா என்று அவர் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். அடுத்து, புறப்படும் முன்பே கூலியைத் தெளிவாகப் பேசுகிறார்: நாளொன்றுக்கு ஒரு திராக்மா. அதோடு, தம் மகனுக்கு ஆகும் வழிச்செலவு எதுவோ அதுவே அவருக்கும் உண்டு என்கிறார். மகன் சாப்பிடும் சாப்பாடு அவருக்கும் உண்டு. மகன் படுக்கும் இடம் அவருக்கும் உண்டு. மூன்றாவது, நலமாகத் திரும்பினால் பேசிய கூலிக்கு மேலும் தருவேன் என்று வாக்களிக்கிறார்.

அந்தப் பயணத்தில்தான் தோபியாவுக்குச் சாராவோடு திருமணம் நடக்கிறது. புது மாப்பிள்ளை விருந்தில் இருக்க, வழித்துணையாக வந்தவரே போய்ப் பணத்தை வாங்கி வருகிறார். மணமகளோடு ஊர் திரும்பிய பிறகு, தோபித்துவின் நினைவுக்கு வருவது அந்தக் கூலி. பேசியதைக் கொடு, மேலும் கொடு என்று மகனிடம் சொல்கிறார். மகனோ, கொண்டுவந்ததில் பாதியைக் கொடுத்தாலும் தகும் என்கிறான். அதன் பிறகே அந்த இளைஞர் தாம் யார் என்பதை வெளிப்படுத்துகிறார்.

இதில் ஆழமான ஒரு பாடம் இருக்கிறது. வானதூதர் என்று தெரிந்த பின்பு மரியாதை செய்வது எளிது. தோபித்துவின் குடும்பம், கூலிக்கு வந்த ஒரு சாதாரண ஆள் என்று நினைத்த நாள்களிலேயே அந்த மரியாதையைச் செய்தது. தூதர் தம்மை வெளிப்படுத்தியபோது அவர்கள் வெட்கப்பட வேண்டிய காரணம் எதுவும் இருக்கவில்லை. நம் காரில் முன்னால் உட்கார்ந்து ஓட்டியவர் யார் என்று இறுதி நாளில் ஆண்டவர் நமக்குக் காட்டினால், நாம் தலைநிமிர்ந்து நிற்க முடியுமா?

கூலியாளைப் பற்றி இறைவன் சொன்ன கட்டளைகள் வெறும் அறிவுரைகள் அல்ல. ஏழைக் கூலியாளைக் கசக்கிப் பிழியாதே, அவன் உன் இனத்தவனானாலும் அந்நியனானாலும் அன்றைய கூலியைப் பொழுது சாயும் முன் கொடு என்கிறது இணைச்சட்ட நூல் 24-ஆம் அதிகாரம். அதே நூலின் 5-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை வருகிறது. உன்னைப் போலவே உன் பணியாளும் ஓய்வெடுக்க வேண்டும் என்று அங்கே காரணத்தோடு சொல்லப்படுகிறது. 'உன்னைப் போலவே' என்பதைக் கவனியுங்கள். நமக்கு மெத்தை, அவருக்குச் சாய்த்துப் போட்ட இருக்கை என்றால் அது உன்னைப் போலவே ஆகுமா? திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் தொழிலாளர் குறித்து எழுதிய சுற்றுமடலிலும் நியாயமான கூலியோடு போதிய ஓய்வையும் சேர்த்தே வலியுறுத்தினார்.

நாட்டின் சட்டமும் இதை அறியாமல் இல்லை. 1961-இல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வகுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையே அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றது. ஆனால் அது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே வகுக்கப்பட்டது. கடன் வாங்கி ஒரே ஒரு காரை ஓட்டுகிறவரும், ஒரு முதலாளியின் ஒரே வண்டியை ஓட்டுகிறவரும் அதற்குள் வரவில்லை. 2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தினர்களின் வாகன ஓட்டுநர்கள் தங்கிக் குளிப்பதற்கு விடுதிகள் தங்கள் வளாகத்திலோ அருகிலோ இடம் ஒதுக்க வேண்டும் என்று சொன்னது. நல்ல ஏற்பாடு. ஆயினும், அந்த இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டியது யார்? அறைக்குப் பணம் கட்டும் நாம்தான். வாடிக்கையாளர் கேட்டால் விடுதிக்காரர் செய்வார். கேட்க ஆளில்லை என்றால் விதி தாளில் தூங்கும், டிரைவர் வண்டியில் தூங்குவார்.

ஆகவே மலைக்குப் புறப்படும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். வண்டியில் ஏறியதும் டிரைவரின் பெயரைக் கேளுங்கள். அறை பதிவு செய்யும்போதே அவருக்குப் படுக்க, குளிக்க இடம் உண்டா என்று விசாரியுங்கள். இல்லை என்றால் வேறு விடுதி பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் அவரும் சாப்பிட்டாரா என்று பாருங்கள். ஒரே நாளில் இரண்டு மலையைப் பார்த்துவிடத் திட்டம் போடாதீர்கள். மலை எங்கும் ஓடிப் போய்விடாது. அவர் முடியவில்லை என்று சொன்னால் நம்புங்கள். பேட்டாவைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். ஊர் திரும்பிய அன்றே கணக்கை முடியுங்கள், நாளைக்கு வா என்று சொல்லாதீர்கள்.

நம் பங்கில் ஓட்டுநர்களாக உழைக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007-ஆம் ஆண்டு வத்திக்கான், சாலைப் பயணம் குறித்த மேய்ப்புப்பணி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகள் உண்டு. முதல் கட்டளை, கொலை செய்யாதே என்பதே. ஓட்டத் தகுதியற்ற நிலையில் இருப்பவரை அன்போடு தடுக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. தகுதியற்ற நிலை என்றால் குடிபோதை மட்டும் அல்ல, தூக்கமின்மையும்தான். சவாரி போய்விடுமே, தவணை கட்ட வேண்டுமே என்ற கவலை நமக்குப் புரியாமல் இல்லை. என்றாலும், கண்ணு சொக்குது சார் என்று அந்தத் தம்பி சொன்னாரே, அது கோழைத்தனம் அல்ல. அது ஐந்தாம் கட்டளைக்குக் கீழ்ப்படிதல். அவர் மூன்று உயிர்களைக் காத்தார்.

மலைப்பாதையில் ஒரு விதி இருப்பது ஓட்டுநர்களுக்குத் தெரியும். இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்கப் பாதையின் அகலம் போதாத இடத்தில், இறங்கும் வண்டி ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். பாரத்தோடு ஏறுகிறவர் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கடினம். இறங்குகிறவருக்கு அந்தச் சிரமம் அவ்வளவு இல்லை. வாழ்க்கையிலும் அப்படித்தான். படித்து, சம்பாதித்து, வீடு கட்டி, வெள்ளி விழாவும் கண்டு நிதானமாக இறங்கிக்கொண்டிருப்பவர்கள் நாம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் வண்டியின் தவணையையும் சுமந்து மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருப்பவர் அவர். வழிவிட வேண்டியவர் யார்?

நிறைவாக, நம் ஊருக்கு ஒரு கேள்வி. பௌர்ணமி தோறும், கார்த்திகை தீபத்தன்றும், ஆந்திரா, கர்நாடகம், புதுச்சேரியிலிருந்தெல்லாம் வாகனங்கள் இங்கே வருகின்றன. வந்தவர்கள் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றிவரும் வரை, அவர்களைக் கொண்டுவந்த டிரைவர்கள் சாலையோரத்தில் ஸ்டீயரிங் மீது தலை சாய்த்துக் கிடக்கிறார்கள். விடிவதற்குள் அவர்கள் மறுபடி ஓட்ட வேண்டும். அந்த இரவுகளில் நம் ஆலய வளாகத்தின் கதவைத் திறந்து, ஒரு பாய், ஒரு மின்விசிறி, குடிக்கத் தண்ணீர், ஒரு கழிப்பறை கொடுக்க முடியாதா? அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசி, வரும் பங்குப்பேரவைக் கூட்டத்துக்கு உங்கள் முடிவைக் கொண்டு வாருங்கள். அவர்கள் எந்த மதம் என்று கேட்க வேண்டியதில்லை. எம்மாவு போகும் வழியில் சேர்ந்துகொண்ட அந்நியரை, பொழுது சாய்ந்தது, எங்களோடு தங்கும் என்று இரண்டு சீடர்கள் வற்புறுத்தி அழைத்தார்கள். அப்படி அழைத்ததால்தான் உயிர்த்த ஆண்டவரை அப்பம் பிட்கையில் கண்டுகொண்டார்கள்.

செபிப்போம். வழியும் உண்மையும் வாழ்வுமான ஆண்டவரே, தோபியாவுக்கு வழித்துணை தந்தவரே, பயணம் போகும் குடும்பங்களையும் அவர்களைச் சுமந்து செல்லும் ஓட்டுநர்களையும் உம் தூதர் இரபேலின் காவலில் வைத்தருளும். எங்களுக்காக உழைப்பவரின் பெயரைக் கேட்கும் வாயையும், அவர் களைப்பைக் காணும் கண்ணையும், அவர் கூலியைத் தடையின்றித் தரும் கையையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.