அருங்காட்சியகமும் நகைச்சுவையும்



சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தைப் பழைய சென்னைவாசிகள் 'செத்த காலேஜ்' என்று அழைத்தனர். விலங்குக்காட்சிசாலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'உயிர் காலேஜ்'. இவற்றைக் கேட்டுக் கற்றோர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. பாமரரின் அறியாமை என்பது அவர்கள் முடிவு. ஆயின் அந்தப் பெயர்களுக்குள் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. 1851-ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றபோது, நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்தில்தான் அதற்கு இடம் கிடைத்தது. 1854-இல் எழும்பூருக்குப் பெயர்ந்தது. அதன் முதல் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபர், மக்கள் கூட்டத்தை ஈர்க்கும் பொருட்டு உயிருள்ள விலங்குகளையும் அங்கே கொண்டுவந்து வைத்தார். 1855-இல் அவ்வளாகத்தில் உருவான விலங்குக்காட்சிசாலை பின்னர் மக்கள் பூங்காவுக்கும், 1985-இல் வண்டலூருக்கும் சென்றது. ஆக, ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று உறுமியது. மற்றொன்று பாடம் செய்யப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. 'கல்லூரி' என்னும் குடும்பப் பெயர் இரண்டிலும் ஒட்டிக்கொண்டது. இதைவிடச் சுருக்கமாக, இதைவிடக் குறும்பாக எந்த அறிஞரும் பெயர் சூட்டியிருக்க இயலாது.

இன்றோ, அருங்காட்சியகத்துள் நுழையும்போதே அந்தக் குறும்பு வாசலில் செருப்போடு விடப்பட்டுவிடுகிறது. குரல் தாழ்கிறது. கைகள் தாமாகவே பின்புறம் கட்டிக்கொள்கின்றன. முகத்தில் இழவு வீட்டிற்கு வந்தது போன்ற ஓர் அடக்கம் வந்து அமர்கிறது. பார்வையாளர் முதலில் பெயர்ப்பலகையைப் படிக்கிறார். பின்னர் பொருளை ஒரு கணம் நோக்குகிறார். 'ஓ' என்று தலையை அசைத்துவிட்டு நகர்கிறார். எதிரே இருப்பது சிரிக்கவைப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருளாக இருப்பினும், சிரித்தால் தம்மை விவரம் அறியாதவர் என்று பிறர் எண்ணுவரோ என்னும் அச்சம் உதட்டைப் பூட்டிவிடுகிறது. கலையைக் காணவொட்டாமல் தடுப்பதில் அறியாமையைக் காட்டிலும் இந்த அச்சமே வலியது எனல் மிகையன்று.

பெயர்ப்பலகையை மட்டும் நம்புவோர் எவ்வாறு ஏமாறுவர் என்பதற்கு இலண்டன் மாநகரில் வாலஸ் தொகுப்பில் உள்ள ஓர் ஓவியமே சான்று. டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1624-இல் தீட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அதற்குச் 'சிரிக்கும் குதிரைவீரர்' என்று பெயர் வழங்கலாயிற்று. படத்தில் இருப்பவர் சிரிக்கவில்லை. மேல்நோக்கி முறுக்கிய மீசை செய்யும் மாயம் அது. அவர் குதிரைவீரர் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஓவியத்தில் எழுதப்பட்டுள்ளபடி அவருக்கு அப்போது வயது 26 என்பது ஒன்றே உறுதி. பலகையை விடுத்து அவருடைய சட்டைக்கையை உற்று நோக்கினால்தான் மெய்யான வேடிக்கை தெரியும். அம்புகள், தீப்பிழம்புகள், தேனீக்கள், காதலர் முடிச்சுகள் எனக் காதலின் சின்னங்கள் அத்தனையும் பூத்தையலாக அதில் நிறைந்திருக்கின்றன. இடுப்பில் கை ஊன்றி உலகையே அலட்சியமாகப் பார்க்கும் ஓர் இளைஞர், தம் நெஞ்சின் கதையைச் சட்டையில் தைத்துக்கொண்டு நிற்கிறார்! 1865-இல் பாரிஸ் நகர ஏலத்தில் ஹெர்ட்ஃபோர்டு பிரபு இப்படத்தைப் போட்டியிட்டு 51,000 பிராங்குக்கு வாங்கினார். எதிர்த்துக் கேட்டவர் ராத்சைல்டு குடும்பத்துப் பெருஞ்செல்வர்.

தமிழ் மரபு சிரிப்பைத் தாழ்வாகக் கருதியதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளை எண்ணத் தொடங்கும்போது நகையையே முதலில் வைக்கிறது. அழுகை அதற்குப் பின்னரே வருகிறது. நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கினை அந்நூல் சுட்டுகிறது. உரையாசிரியராகிய பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுத்துக் காட்டுவார். பிறரை இகழ்ந்து தான் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை இகழுங்கால் தானே சிரித்துவிடுவது மற்றொன்று. இந்த இரண்டாம் வகையை ஒரு சிரிப்பாகக் கண்டு சொன்ன நுண்மை வியக்கத்தக்கது. காட்சிக்கூடத்துப் பொருள்களை அணுக இதனினும் நல்லதொரு திறவுகோல் கிடைப்பது அரிது.

ஐதராபாத்துச் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், பேதைமையால் வரும் நகையை நாள்தோறும் காணலாம். மூன்றாம் சாலார் ஜங் எனப்படும் மீர் யூசுப் அலி கான் திரட்டிய பொருள்களே அதன் பெரும்பகுதி. 1951-இல் நேருவால் திறந்துவைக்கப்பட்டது. அங்குள்ள இசைக் கடிகாரத்தின் முன் பகல் பன்னிரண்டு மணி நெருங்கும்போது பெருங்கூட்டம் திரண்டுவிடும். குழந்தைகள் தோள்களில் ஏறிக்கொள்வர். உரிய நேரத்தில் தாடிவைத்த சிறு பொம்மை ஒன்று வெளியே வந்து மணியை அடித்துவிட்டு உள்ளே போய்விடும். அவ்வளவே. ஆயினும் பன்னிரண்டு அடிகளையும் கூட்டம் வாய்விட்டு எண்ணும். கைக்கடிகாரம் கட்டியவர்களே பொம்மை சொன்ன பிறகு தம் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வர். அதே கடிகாரத்தில் நொடிதோறும் சம்மட்டி ஓங்கி அடித்துக்கொண்டிருக்கும் கொல்லன் பொம்மையை எவரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அலுவலகங்களில் பணியாற்றுவோருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அங்கேயே ஒரே மரத்தில் செதுக்கிய இரட்டை உருவம் ஒன்று உண்டு. முன்புறம் கெதேயின் காவியத்தில் வரும் மெஃபிஸ்டோஃபிலிஸ் என்னும் பேய்மகன் தலைநிமிர்ந்து நிற்கிறான். பின்புறம் அதே மரத்தில் மார்கரெட்டா தலைகவிழ்ந்து நிற்கிறாள். அவளைக் காட்டுவதற்காகப் பின்னால் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அக்கண்ணாடியில் அவளைத் தேடும் பார்வையாளர் பலரும் முதலில் காண்பது தம் முகத்தையே. சிற்பி எண்ணாத நகைச்சுவை அது. கண்ணாடி வைத்தவரும் எண்ணியிருக்கமாட்டார்.

பழம்பெரும் இருக்கைகளின் நகைச்சுவை வேறுவகையானது. உட்காருவதற்கென்றே பிறந்த பொருள், உட்காரக்கூடாது என்னும் அறிவிப்போடு கயிற்றுக்குப் பின்னால் நிற்பதே முதல் வேடிக்கை. சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் தந்த நாற்காலிகள் சில உள்ளன. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி திப்பு சுல்தானுக்கு அளித்தவை என்பது அவற்றுக்கு அருங்காட்சியகம் கூறும் வரலாறு. திப்புவின் தூதர்கள் 1788-இல் வெர்சேல்சு அரண்மனையில் லூயியைக் கண்டது மெய். ஆங்கிலேயருக்கு எதிராகப் படை கேட்டுச் சென்றவர்களுக்கு விருந்தும் பரிசுகளும் கிடைத்தன; படை கிடைக்கவில்லை. கொடுத்தவர் 1793-இல் தலையை இழந்தார். பெற்றவர் 1799-இல் போர்க்களத்தில் உயிரை இழந்தார். நாற்காலிகளோ, அப்போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற நிசாமின் தலைநகரிலே கால்மாற்றிக்கூட நில்லாமல் நிலைத்து நிற்கின்றன. அரசுகளுக்குக் கால்கள் தளர்வதும் நாற்காலிகளுக்குத் தளராமையும் கண்டு, மெல்லிய புன்முறுவல் அரும்பாமல் அங்கிருந்து நகர்வது கடினம்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் 'பார்ப்பவள்' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒருவகை நாற்காலி இருந்தது. சீட்டாட்டத்தை வேடிக்கை பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. சாய்மானத்தின் உச்சியில் பஞ்சு வைத்துத் தைத்திருப்பார்கள். ஆடவர் குதிரையில் ஏறுவதுபோல் திருப்பி அமர்ந்து, அதன்மேல் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு, ஆடுபவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பர். அடுத்தவர் கையிலுள்ள சீட்டைப் பார்ப்பதற்கு இத்தனை வசதியா என்று வியக்கத் தோன்றும். நம் ஊர்த் திண்ணையில் சீட்டாட்டத்தைச் சுற்றிக் குந்தியிருப்போர் எந்த நாற்காலியும் இல்லாமலேயே இப்பணியைச் செவ்வனே ஆற்றுகின்றனர். ஆட்டத்தில் இருப்பவரைவிட அவர்களுக்கே ஆட்டம் நன்றாகத் தெரியும்!

அதே நூற்றாண்டில் ஜெர்மனியின் டேவிட் ரோன்ட்கன் செய்த மேசை அலமாரிகள் ஐரோப்பிய அரசர்களை மயக்கின. அவற்றுள் ஒன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. சாவியைத் திருப்பினால் கதவுகள் தாமே விரியும், இழுப்பறைகள் வெளிவரும், இசை ஒலிக்கும், மறைவான அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புலப்படும். இவ்வளவு ஆரவாரத்துடன் திறக்கும் அறையில் எந்த இரகசியத்தை வைப்பது? செட்டிநாட்டுக் கல்லாப்பெட்டிகளிலும் இரகசிய அறை உண்டு. அது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். தெரியாததுபோல் நடந்துகொள்வதுதான் குடும்பப் பண்பாடு. தச்சர் அமைத்தது அறையை மட்டுமன்று, அந்த நடிப்புக்கு ஒரு மேடையையும்தான்.

இதுகாறும் கண்டவை தீங்கற்ற சிரிப்புகள். எள்ளலுக்குள் புகும்போது சிரிப்பு எளிதாக இருப்பதில்லை. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள 'திப்புவின் புலி' அதற்குத் தக்க சான்று. ஐரோப்பிய உடையணிந்து மல்லாந்து கிடக்கும் ஒருவனின் கழுத்தைப் புலி கவ்வியிருக்கிறது. மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டியது. நீளம் 172 செ.மீ. பக்கவாட்டிலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் வீழ்ந்தவனின் கை மேலும் கீழும் அசையும், அவன் முனகுவான், புலி உறுமும். புலியின் விலாவில் ஒரு கதவு. அதைத் திறந்தால் 18 கட்டைகள் கொண்ட சிறிய ஆர்கன் இசைக்கருவி. மனிதன் செத்துக்கொண்டிருக்கையில் புலியின் வயிற்றிலிருந்து பாட்டு வாசிக்கலாம்.

இது எவரை எள்ளிய சிரிப்பு? 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஐதர் அலியின் படையும் திப்புவும் ஆங்கிலேயப் படையொன்றை நிர்மூலமாக்கினர். உதவிக்கு வரவேண்டிய ஹெக்டர் மன்றோ தம் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அதே மன்றோவின் மகன் 1792-இல் வங்கத்தின் சாகர் தீவில் புலியால் மாண்டான். இச்செய்தியே புலிப் பொறிக்குத் தூண்டுதல் என ஆய்வாளர் பலர் கருதுவர். அவ்வாறாயின், மகனை இழந்த ஒரு தந்தையின் துயரம் திப்புவின் அவையில் விளையாட்டுப் பொருளாயிற்று என்றாகும். சிரிக்க வந்தவரின் உதடு இவ்விடத்தில் சற்றுத் தயங்கவே செய்யும். தயங்கவும் வேண்டும். ஆயினும் இத்துயரத்தைப் பொம்மையாக்கியது திப்பு மட்டுமன்று. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயர்க் குயவர்கள் அதே சாவைப் பீங்கானில் வடித்து, வீட்டு அடுப்பு மாடத்தில் வைக்கும் அழகுப்பொருளாக விற்றனர். பகைவர் ஆக்கியதைக் கொடுமை என்போர் சொந்த ஊர்க் குயவர் ஆக்கியதை அலங்காரம் என்று வாங்கிச் சென்றனர்.

1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. புலி கப்பலேறியது. 1808 முதல் இலண்டனில் கிழக்கிந்தியக் கும்பினியின் மாளிகையில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. தோற்றவனின் கொடூரத்துக்கு இதோ சான்று என்பது வைத்தவர்களின் எண்ணம். நடந்ததோ வேறு. இலண்டன் மக்கள் வந்து கைப்பிடியைச் சுழற்றினர். மீண்டும் மீண்டும் சுழற்றினர். அருகிலிருந்த நூலகத்தில் படிக்க அமர்ந்தவர்கள், உறுமலும் ஓலமும் தாங்கமுடியவில்லை என்று முறையிடும் அளவுக்குச் சுழற்றினர். அந்த ஓலம் எவருடையது? புலியின் பிடியில் கிடப்பவன் அவர்களைச் சேர்ந்தவன். தம்மை எள்ளுவதற்காகப் பகைவன் செய்த பொறியைத் தம் கையாலேயே இயக்கி, தம்மவன் முனகுவதைக் கேட்டு மகிழ்ந்து, வரிசையில் நின்று இன்னொரு முறை கேட்டனர். பிறர் இகழத் தான் நகுதல் எனப் பேராசிரியர் கண்ட வகை இதுவோ என்று ஐயுறத் தோன்றுகிறது. வென்றவனின் செருக்கு அச்சிரிப்பில் பெரும்பங்கு என்பதில் ஐயமில்லை. தோற்றவனின் புலியைக் கண்டு சிரிப்பது எளிது. ஆயின் கைப்பிடியைப் பற்றிய ஒரு சிறுவனுக்கோ தையற்காரருக்கோ, உள்ளூரத் தம் எசமானர்களில் ஒருவர் கத்துவதைக் கேட்பதில் தனி இன்பம் இருந்திருக்கலாம் அன்றோ? கும்பினியின் அதிகாரிகளை அவர்களுக்கும் பிடிக்காமலிருந்திருக்க நியாயம் உண்டு.

இரண்டாம் உலகப்போரில் கூரை இடிந்து விழுந்து புலி பல துண்டுகளாயிற்று. 1947-இல் செப்பனிடப்பட்டு மீண்டும் நின்றது. தமக்கு எதிராகச் செய்யப்பட்ட ஒரு பொம்மையைத் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டவைத்த கைகளின் பொறுமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே ஆண்டில் இந்தியாவை விட்டு அவர்கள் வெளியேறினர் என்பது தற்செயல்தான். எனினும் திப்பு கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இப்போது அது கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளது. யாரும் கைப்பிடியைத் தொடமுடியாது. வருகின்ற பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, புலியின் குரலையும் வீழ்ந்தவனின் குரலையும் தாமே எழுப்பிக்கொள்கின்றனர்.