வால்வுப் பெட்டியும் உப்புக் காற்றும்



பாம்பன் தீவிலுள்ள தங்கச்சிமடத்திற்கு வடக்கே பாக்கு விரிகுடா; தெற்கே மன்னார் வளைகுடா. எத்திசையினின்று காற்று வீசினும் அதில் உப்புக் கலந்திருக்கும். சென்னையில் 1975ஆம் ஆண்டு தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982இல் இலங்கையில் ரூபவாகினி தோன்றியபின், அக்கரைப் படங்களை இக்கரையிலிருந்து கண்டு களித்தோர் பலர். அக்காலப் பெட்டிகளுள் சிலவற்றில் வால்வுகள் இருந்தன. அத்தகைய பெட்டியொன்று பரண்மேலிருந்து உங்கள் கைக்கு வருமாயின் என்ன செய்வீர்கள்? எரிகிறதா பார்ப்போம் என்று உடனே மின்சாரத்தைப் பாய்ச்சுவீர்கள். அந்த ஆவல்தான் பெட்டிக்கு எமன்.

காரணம் மின்தேக்கி. அலுமினியத் தகட்டின்மேல் படிந்த மெல்லிய ஆக்சைடுப் படலமே அதன் காப்பு. பல்லாண்டு சும்மா கிடந்தால் படலம் நலிந்துவிடும். முழு மின்னழுத்தமும் ஒருசேரத் தாக்கினால் மின்சாரம் கசிந்து, தேக்கி சூடேறி வெடிக்கும். மின்மாற்றியும் உடன் கருகலாம். அழுத்தத்தைச் சிறிது சிறிதாக, சில மணி நேரத்தில் உயர்த்தினால் படலம் மீண்டும் உருவாக இடமுண்டு. வழியில் ஒரு சாதாரண மின்விளக்கைத் தொடராக இணைப்பது நன்று. விளக்கு ஓயாமல் பளிச்சென்று எரிந்தால், உள்ளே எங்கோ குறுக்கிணைப்பு இருக்கிறது என்று பொருள்.

காகிதத் தேக்கிகள் ஈரத்தை உறிஞ்சுபவை. அவற்றை மாற்றிவிடுவதே மேல். வால்வுகளையெல்லாம் முதலில் மாற்றச் சொல்வோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேக்கியின் குற்றத்திற்கு வால்வைத் தண்டிப்பானேன்?

இனி உப்பு. அது காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுத்து, மின்சாரம் ஓட வழி அமைத்துவிடும். படக்குழாய்க்குப் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் தரும் மின்மாற்றியில் பொறி பறப்பது இதனாலேயே. ஆகவே விசையைத் தொடுமுன் தூசையும் உப்பையும் துடைத்து, நன்கு உலர்த்துதல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் படக்குழாயில் மின்னேற்றம் தங்கியிருக்கும். சில பெட்டிகளில் இரும்புச் சட்டமே மின்சாரம் ஏறியதாய் இருக்கும். குழாயினுள்ளோ வெற்றிடம், அதன் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் வெளிக்காற்று ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கனத்துடன் அழுத்துகிறது. பழுது பார்ப்பதில் தேர்ந்தவர் அருகில் இன்றி மூடியைத் திறவாதீர்கள்.

திரையில் 625 வரிகள், விநாடிக்கு 25 முறை எழுதப்பட்டுப் படம் உருவாகிறது. முதல் நாளன்று படத்திற்குப் பதில் குறுக்கே ஒரே ஒளிக்கோடு தோன்றலாம். மேலும் கீழும் கதிரை அசைக்கும் பகுதி வேலை செய்யவில்லை என்று அறிக. உடனே ஒளியைக் குறைத்துவிடுங்கள். இல்லையேல் அக்கோடு திரையில் வடுவாகிவிடும்.