கால்நடையும் சைக்கிளும் பஸ்ஸும்



பிரயாணம் என்ற சொல்லைக் கேட்டதும் இன்று பலருடைய மனக்கண்முன் தோன்றுவது மோட்டார்க் காரே. ஆயினும், காலைவேளையில் ஒரு பிரதான வீதியின் ஓரத்தில் சற்றுநேரம் நின்று பார்ப்போர் வேறொரு காட்சியையே காண்பர். புத்தகப் பையுடன் பள்ளிக்கு நடக்கும் பிள்ளை, கத்தரிக்காய் மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிச் சந்தைக்குச் செல்லும் கமக்காரர், ஆசுபத்திரிக்குச் செல்ல பஸ் பார்த்து நிற்கும் முதியவள், புகையிரதத்தைப் பிடிக்க விரையும் எழுதுவினைஞர் ஆகியோரே அங்கு மிகுதியாகத் தென்படுவர். இவர்கள் செல்லும் வழி வசதியற்றோரின் வேறு கதியில்லாத வழிதானா? அன்றி, எல்லார்க்கும் உகந்த நல்வழியா? இவ்வினாவுக்கு விடைகாணத் தொலைதேசங்களை நாடவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாறே போதுமானது.

குடாநாடு மலையற்ற சமநிலம். ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அமைந்தவை. யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை ஏறக்குறைய 33 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. ஆனால், அன்றாட வாழ்வில் வேண்டப்படும் பள்ளியும் சந்தையும் கோயிலும் பெரும்பாலும் முதியோர் சொல்வதுபோல இரண்டு மூன்று கட்டைத் தூரத்துக்குள் அடங்கிவிடும். வேலிகளுக்கு இடையே வளைந்து செல்லும் ஒழுங்கையில் இரண்டு கார்கள் எதிர்ப்பட்டால் ஒன்று பின்வாங்கவேண்டும். இரண்டு சைக்கிள்களோ சுகம் விசாரித்துக்கொண்டே விலகிச் செல்லும். பின்னாலுள்ள கரியரில் வாழைக்குலையோ விறகுக்கட்டோ ஏறும். முன்னாலுள்ள பாரில் குழந்தை அமரும். நிலத்தின் இயல்புக்குப் பொருத்தமான வாகனமாகத் துவிச்சக்கரவண்டி இவ்வாறு அங்கு வேரூன்றியது.

அதன் அருமை சோதனைக் காலத்திலேதான் முழுவதும் விளங்கியது. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது வடக்குக்கான புகையிரதசேவை நின்றது, மின்சாரம் அற்றது, பெற்றோலும் டீசலும் மின்கலங்களும் குடாநாட்டுக்குச் செல்வது தடைப்பட்டது. பழைய கார்கள் சிலவற்றைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அவை புகையைக் கக்கிக்கொண்டு ஊர்ந்தன. ஏனைய பாரமெல்லாம் சைக்கிளின்மீதே விழுந்தது. நோயாளியைச் சுமந்ததும் அதுவே. இடம்பெயர்ந்தோரின் பானைசட்டியைச் சுமந்ததும் அதுவே. ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்த அந்நாட்களில், கிளாலிக் கடனீரேரியை இரவோடிரவாகப் படகிற் கடந்தோர் தம்முடன் சைக்கிளையும் ஏற்றிச் சென்றனர். அக்கடவையில் உயிரிழந்தோரும் பலர்.

வானொலி நேயர்கள் மறத்தற்கரிய செய்தியொன்றும் உண்டு. மின்கலம் கிடையாத அக்காலத்தில், சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, சில்லோடு உராய்ந்து சுழலும் டைனமோ தந்த சிறுமின்னிலே வானொலிப் பெட்டி பேசியது. சுற்றி இருந்து அயலார் செய்தி கேட்டனர். மிதிப்பவரின் கால் தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும்! ஊர்தியாக வந்த பொருள் உலகத்தோடு தொடர்பு கொள்ளும் கருவியாகவும் ஆயிற்று.

பின்னர் 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதையும் பொருளாதார நெருக்கடி பற்றிக்கொண்டது. எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் வாகனங்கள் இரவுபகலாக வரிசையில் நின்றன. யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி ஏனையோருக்கு எரிபொருள் விற்பது நிறுத்தப்பட்டது. அடுத்து, வாராந்தம் இத்தனை லீற்றர் என்ற பங்கீடு வந்தது. கொழும்பிலே கூடக் கந்தோருக்குச் சைக்கிளில் செல்வோர் தோன்றினர். மூலையிற் கிடந்த பழைய வண்டிகளுக்கு ஒட்டுப்போட்டுக் காற்றடித்தனர். 2023 இல் பங்கீடு நீங்கியது. வண்டிகள் பல மீண்டும் மூலைக்குச் சென்றன. 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கும் 2025 பெப்ரவரியில் மீண்டும் கதவு திறந்தது.

இங்கேதான் சிந்திக்கவேண்டிய இடம் இருக்கின்றது. பஞ்சம் வந்தபோது கைகொடுத்ததைப் பஞ்சம் நீங்கியதும் கைவிடுவது முறையாகுமா? இருமுறையும் நாட்டைத் தாங்கியவை காலும் சைக்கிளுமே. ஆயினும், 'இன்னும் சைக்கிளிலா போகிறார்?' என்ற ஏளனம் மறையவில்லை. ஓர் ஊர்தி மனிதனின் தகுதியை அளக்கும் கோலாகிவிட்டால், அதை வாங்கக் கடன்படுவதும் காணியை ஈடுவைப்பதும் தொடரும். சைக்கிளோ பெற்றோல் கேட்பதில்லை. அதன் பழுதைப் பெரும்பாலும் வீட்டு முற்றத்திலேயே திருத்தலாம். உடலுக்கு உழைப்பும் தருகின்றது. அதற்கும் மேலாக, ஒருவரின் துணைக்காகக் காத்திராது பள்ளிக்கும் மேல்வகுப்புக்கும் தானே சென்றுவரும் சுதந்திரத்தை எத்தனையோ பெண்பிள்ளைகளுக்குத் தந்தது அதுவே.

எல்லாரும் எப்போதும் சைக்கிளிற் செல்ல வேண்டுமென்று கூறுவது நியாயமன்று. முதுமை உண்டு, நோய் உண்டு, மாரிமழை உண்டு, மலைநாட்டின் ஏற்றம் உண்டு. அத்தகையோருக்காகவே பொதுப்போக்குவரத்து அமைந்துள்ளது. 1905 இல் காங்கேசன்துறைவரை எட்டிய புகையிரதப்பாதை, போரில் அழிந்து, 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. பஸ்சேவை 1958 ஆம் ஆண்டின் முதல் நாளில் நாட்டுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பொறுப்பில் வந்தது. இலாபம் குறைந்த கிராமத்துக்கும் வண்டி செல்லவேண்டும் என்பது அவ்வேற்பாட்டின் உயிர்நாடி. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலும், மட்டக்களப்பிலே குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் நீரைக் கடக்க மக்கள் ஏறும் மிதவைக்குப் 'பாதை' என்றே பெயர். எத்துணைப் பொருத்தமான பெயர்! நடப்பவனுக்கும் சைக்கிள்காரனுக்கும் நீரின்மேல் விரிந்த தெருவன்றோ அது?

ஆகவே, வேண்டப்படுவன பெரும் அற்புதங்கள் அல்ல. குறித்த நேரத்துக்கு வரும் பஸ் வேண்டும். பருவச்சீட்டுடன் நிற்கும் மாணவரைக் கண்டும் நில்லாது செல்லும் வழக்கம் ஒழியவேண்டும். அவ்வாறு தவறவிட்ட வண்டியோடு அப்பிள்ளையின் முதற்பாடமும் போய்விடுகின்றது. முதியோர் ஏறி அமரும்வரை பொறுக்கும் பண்பு வேண்டும். பஸ் நிலையத்திலும் புகையிரத நிலையத்திலும் சைக்கிளை அச்சமின்றி விட்டுச்செல்ல ஓரிடம் வேண்டும். வீதியை அகலமாக்கும்போது நடப்போருக்கு உரிய ஓரத்தை விழுங்காமலும், நிழல்மரங்களை வீணே வீழ்த்தாமலும் இருத்தல் வேண்டும். பழுதில்லாத வீதியில் விரையும் மோட்டார்வண்டிக்கு முன் சைக்கிளிற் செல்லும் பிள்ளை மிக எளிய உயிர் என்பதைச் சாரதிமார் மறத்தலாகாது. இரவிற் செல்லும் சைக்கிளோட்டியும் விளக்கின்றிப் புறப்படலாகாது.

நேயர்களே, ஒரு நாட்டின் போக்குவரத்துச் சிறப்பை அங்குள்ள கார்களின் தொகையைக் கொண்டு மதிப்பிடுதல் பொருந்தாது. காரில்லாத ஒரு பிள்ளை நேரத்துக்குப் பள்ளியை அடைகின்றதா, காரில்லாத ஒரு நோயாளி இருட்டுமுன் வைத்தியரைக் கண்டு வீடு திரும்புகின்றாரா என்பவையே அதற்கு உரிய உரைகல். இரண்டு கட்டைத் தூரத்துக்குக் காரின் திறப்பைத் தேடும் கை, ஒருநாளேனும் சைக்கிளின் கைபிடியைப் பற்றட்டும். அவ்வீதியை நாள்தோறும் பயன்படுத்துவோரின் இன்பமும் இடரும் அப்போது அவருக்கும் தாமே புலப்படும்.