கொன்றது கிருமி மட்டுமா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு ஜுரத்தைப் பற்றியதாகும். ஜுரத்தைப் பற்றிப் பேச நாம் என்ன வைத்தியரா என்று சிலர் கேட்கலாம். நாம் வைத்தியரல்ல, பெரிய படிப்புப் படித்தவருமல்ல. ஆனால் வைத்தியர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்துப் பார்த்ததில், இந்த ஜுரத்தின் கதையில் பாதி வைத்தியம், பாதி மனிதனுடைய நடத்தை என்பதாகத் தெரிய வந்தது. அந்த நடத்தையைப் பற்றிப் பேச நமக்கும் உரிமை உண்டென்றே கருதுகிறோம்.

ரத்தப்போக்கு ஜுரம் என்று ஒரு வகை இருக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத வைரஸ் என்னும் நுண்கிருமிகளால் வருவது. மைசூர் ராஜ்யத்து ஷிமோகாக் காட்டில் 1957-ல் குரங்குகளும் மனிதர்களும் மாண்டார்களே, அந்தக் க்யாசனூர் ஜுரமும் இவ்வகையே. இவற்றில் மிகக் கொடியதொன்றுக்கு எபோலா என்று பெயர். அது தோன்றிய ஆப்பிரிக்காவுக்கே போய்ப் பார்ப்போம்.

1976-ஆம் வருஷம். இன்று காங்கோ என்றும் அன்று ஜயர் என்றும் பெயர் கொண்ட தேசத்தில் யாம்புக்கு என்றொரு கிராமம். பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரீகள் அங்கே 120 படுக்கை கொண்ட ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். காலையில் வேலைக்கு வரும் தாதிமாருக்கு ஐந்தே ஐந்து ஊசிகள் கொடுக்கப்படும். நாள் முழுவதும் வருகிறவர்களுக்கெல்லாம், கர்ப்பிணிகள் உள்பட, அந்த ஐந்தையே வெந்நீரில் அலசி அலசிப் போட்டார்கள். எபோலா கண்ட ஒருவரின் ரத்தம் அந்த ஊசியில் ஏறியது. பிறகு கேட்க வேண்டுமா? அந்தச் சுற்றுவட்டாரத்தில் 318 பேருக்கு நோய் கண்டு 280 பேர் மாண்டார்கள். ஊசியின் மூலம் நோய் பற்றியவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி ஊழியர் 17 பேரில் 11 பேர் போனார்கள். கன்னியாஸ்திரீகளிலும் சிலர் செத்தார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியை மூடிய பிறகே நோய் தணியத் தொடங்கியது.

அந்தக் கன்னியாஸ்திரீகளுடைய நல்லெண்ணத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தோழர்களே, பக்தி ஊசியைக் கொதிக்க வைக்காது. நெருப்பும் தண்ணீரும் தான் கொதிக்க வைக்கும். அதை அறிந்த கை வேண்டும். போதுமான ஊசி வாங்கப் பணமும் வேண்டும்.

அடுத்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வாருங்கள். கினி, சியரா லியோன், லைபீரியா என்ற மூன்று ஏழை நாடுகளில் 2014 முதல் 2016 வரை இதே ஜுரம் பரவிற்று. 28,600 பேருக்கு மேல் நோய் கண்டது. 11,300 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் 500-க்கும் மேற்பட்டோர் சுகாதார ஊழியர்கள். சியரா லியோனில் இவ்வகை ஜுரத்திலேயே நிபுணரான டாக்டர் ஷேக் உமர் கானும் 2014 ஜூலையில் இறந்து போனார்.

இந்நோய் காற்றில் பறந்து வருவதன்று. நோயாளியின் ரத்தம், வாந்தி, கழிவு ஆகியவற்றைத் தொடுவதால் வருவது. செத்த உடம்பிலோ கிருமி மிகுந்திருக்கும். அந்நாடுகளிலோ பிரேதத்தைக் கழுவி, தொட்டு, தடவி அனுப்புவது வழக்கம். சியரா லியோனில் சொக்கோமா என்ற ஊரில், எபோலாவைக் குணப்படுத்துவேன் என்று சொன்ன ஒரு மந்திரவாதி அம்மாள் இருந்தார். எல்லை தாண்டியும் நோயாளிகள் தேடி வந்தார்கள். அந்த அம்மாளையே நோய் கொண்டு போயிற்று. அவருடைய சாவுச் சடங்கோடு தொடர்புடைய மரணங்கள் 365 வரை இருக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் எழுதியிருக்கிறது.

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். நாம் மாத்திரம் என்ன செய்கிறோம்? பிரேதத்தைக் குளிப்பாட்டவில்லையா? மேலே விழுந்து அழவில்லையா? செத்தவர்களிடத்தில் அன்பு வைப்பது மூடத்தனமல்ல. கழுவாவிட்டால் ஆவி கோபிக்கும், மோட்சம் கிட்டாது என்று நினைத்து, உயிரோடிருப்பவர்களைப் பலி கொடுப்பதே மூடத்தனம்.

அறிந்தவர்கள் நடந்துகொண்ட விதத்தையும் பார்க்க வேண்டும். முன்பின் அறியாதவர்கள் வந்தார்கள். பிரேதத்தைப் பையில் கட்டிக்கொண்டு போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. லைபீரியத் தலைநகரில் எரிக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். ஜனங்கள் பிரேதங்களை மறைத்தார்கள், நோயாளிகளையும் மறைத்தார்கள். கினியில் ஒரு கிராமத்தில் நோயைப் பற்றி எடுத்துச் சொல்லப் போன கூட்டத்தாரில் எட்டுப் பேரைக் கொன்றே விட்டார்கள். கொலைக்குச் சமாதானம் கிடையாது. ஆனால் மனிதனை மனிதனாக மதிக்காமல் சொன்ன புத்தி அவன் காதில் ஏறாது என்பதற்கு வேறு ருஜு வேண்டியதில்லை.

2014 முடிவதற்குள் முறையை மாற்றினார்கள். குடும்பத்தார் எட்ட நின்று பார்க்கலாம், ஜபம் செய்யலாம், குழியைக் காணலாம். தொடுவது மட்டும் பழகிய கைகள் என்று ஏற்பாடு செய்தார்கள். ஜபத்தால் பிரேதத்துக்கு லாபமில்லை என்பது நம் அபிப்பிராயம். ஆனால் தொடாமல் செய்யும் ஜபத்தால் உயிரோடிருப்பவனுக்கு நஷ்டமில்லை. முதலில் உயிர் மிஞ்சட்டும். வாதம் பிறகு செய்துகொள்ளலாம்.

இன்னொரு சங்கதி. இந்த ஜுரத்துக்குக் கனடா தேசத்தில் ஒரு தடுப்பு மருந்து கண்டுபிடித்தார்கள். குரங்குகளை அது காப்பாற்றியது என்று 2005-லேயே வெளியிட்டார்கள். மனிதனுக்கு ஏன் வரவில்லை? நோய் காண்பவன் ஏழை ஆப்பிரிக்கன். அவனிடத்தில் லாபம் ஏது? ஆயிரக்கணக்கானவர் செத்த பிறகுதான் 2015-ல் கினியில் பரீட்சை நடந்தது. நல்ல பலன் கண்டது. 2019-ல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அங்கீகரித்தன. இடையில் போன உயிர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? விதி என்று எழுதலாமா?

வெள்ளையர்களுக்கே அறிவு உண்டு என்பாருக்கும் ஒரு பதில். 1976-ல் யாம்புக்குவுக்கு ஓடிப்போய், கையுறைகூட இல்லாமல் நோயாளிகளின் ரத்தம் எடுத்தவர் மூயம்பே என்ற காங்கோ வைத்தியர். பிழைத்தெழுந்தவர் ரத்தத்தில் மருந்து இருக்குமா என்று 1995-லேயே பார்த்தார். அவ்வருஷம் பிழைத்த ஒருவருடைய ரத்தத்திலிருந்து பிறந்த மருந்தொன்று, 2018-19-ல் அவர் முன்னின்று நடத்திய பரீட்சையில் தேறி, 2020-ல் அங்கீகாரம் பெற்றது. நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட உழைப்பு! இதற்கு எந்த வரப்பிரசாதமும் உதவவில்லை.

ஆகவே தோழர்களே! ஊசி போட வருகிறவரிடம் புதிய ஊசியா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. தொற்று நோயில் இறந்தவரைத் தொடுமுன் வைத்தியரைக் கேளுங்கள். அறியாதவனுக்குச் சொல்லும்போது அவனைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள். ஏழைக்கு மருந்து ஏன் கடைசியில் வருகின்றது என்று ஆள்வோரைக் கேளுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.